எதிர்நின்ற சொல் உடன்வந்த கதை

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த என் தங்கையின் பேரன், ஒரு நாள் மாலை, பள்ளியில் திருத்திக் கொடுத்த தன் ஆங்கில விடைத்தாளை எடுத்துக்கொண்டு நான் அமர்ந்திருந்த திண்ணைக்கு வந்தான். 'வித்ஸ்டாண்ட்' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதுமாறு கேட்டிருந்த இடத்தில் அவன் 'உடன் நிற்றல்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்திருந்தது. "வித் என்றால் உடன், ஸ்டாண்ட் என்றால் நிற்பது. இரண்டையும் சேர்த்துத்தானே எழுதினேன்? பிறகு எப்படிப் பெரிய தாத்தா இது தப்பாகும்?" என்று அவன் கேட்டான். 'எதிர்த்து நிற்றல்' என்பதுதான் சரியான விடை என்று நான் சொன்னதும் அவன் முகத்தில் திகைப்பு அதிகமாயிற்று. கூட்டிப் பார்த்தால் உடன் நிற்பதாக முடிய வேண்டிய சொல், எதிர்த்து நிற்பதாக எவ்வாறு முடிந்தது? பொருள் சற்று விலகிப் போயிருந்தாலும் பாதகமில்லை, நேர் விரோதமாக அல்லவா திரும்பி நிற்கிறது!

அந்தப் பையனுடைய தர்க்கத்தில் பிழை எதுவும் இல்லை. அவன் அறியாதது ஒன்றுதான்: இன்று தோழமைக்கும் கூட்டுறவுக்கும் அடையாளமாக ஆங்கிலேயர் வழங்கும் 'வித்' என்னும் அச்சிறு சொல், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பகைமைக்கும் எதிர்ப்புக்கும் உரிய சொல்லாக இருந்தது. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் இருபது சொற்களை எண்ணினால் அவற்றுள் ஒன்றாக வந்துவிடக்கூடிய இச்சொல்லை நாம் நாள்தோறும் வாசிக்கிறோம், எழுதுகிறோம், பேச்சினிடையே கலந்தும் வழங்குகிறோம். ஆனால் அதன் பூர்வ சரித்திரத்தை நினைத்துப் பார்ப்பவர் சிலரே. பெயர்ச்சொற்களுக்கும் வினைச்சொற்களுக்கும் அகராதியில் பொருள் தேடும் நாம், 'இன்', 'ஆன்', 'பை', 'வித்' முதலிய முன்னிடைச் சொற்களை வாக்கியத்தைக் கட்டும் நார் என்று கருதிக் கடந்து போய்விடுகிறோம். பூக்கள் மாறிக்கொண்டே இருக்க நார் மட்டும் பல நூற்றாண்டுகளாக அதே நாராக நீடிப்பதால், ஒரு மொழி கடந்து வந்த வழியின் தடங்கள் அதிலேதான் அழியாமல் கிடக்கின்றன.

கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஸர் வில்லியம் ஜோன்ஸ், 1786-ஆம் ஆண்டு ஆசியச் சங்கத்தில் நிகழ்த்திய பிரசித்திபெற்ற சொற்பொழிவில், ஸம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் இப்போது மறைந்துபோன ஏதோ ஒரு பொது மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்று கூறினார். அவருக்குப் பின் வந்த மொழிநூலார், ஆங்கிலம், ஜெர்மன் முதலிய மொழிகளையும் அக்குடும்பத்தில் சேர்த்து, சொற்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, அவற்றின் மூல வடிவங்களை அனுமானித்தார்கள். அவர்கள் கண்ட முடிவின்படி 'வித்' என்பதன் அடியில் இருப்பது 'வி' என்னும் ஒரு சிறு அசை. அதற்குப் 'பிரிந்து', 'விலகி' என்று பொருள். இந்த 'வி' நமக்கு அந்நியமானதன்று. சேர்க்கையைக் குறிக்கும் 'யோகம்' என்ற வடசொல்லின் முன்னே நின்று அதனை 'வியோகம்', அதாவது பிரிவு, என்று மாற்றுகிறதே, அந்த உபசர்க்கமே இது. இதனோடு, இரண்டு பொருள்களை ஒப்பிட்டு 'அதைவிட அதிகமாக' என்று காட்டும் 'தர' என்னும் விகுதியின் இனமான ஓர் ஈறு சேர்ந்தது. தமிழில் நாம் வழங்கும் 'தாரதம்மியம்' என்ற சொல், அந்தத் 'தர'வும் அதன் துணையான 'தம'வும் கூடிப் பிறந்ததே. இவ்விரண்டும் சேர்ந்த 'விதரம்' என்ற சொல் 'இன்னும் விலகி' என்ற பொருளில் வேத மொழியில் வழங்கியது. அதே சேர்க்கை ஜெர்மானிய மொழிகளில் 'அப்பால்', 'எதிர்ப்புறத்தில்', 'எதிராக' என்று பொருள் வளர்ந்து, ஜெர்மன் மொழியில் 'எதிராக' என்று இன்றும் பொருள்படும் 'வீடர்' ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் குறுகி 'வித்' ஆயிற்று. ஆகவே கூட்டுறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், வியோகத்தைக் குறிக்கும் வேரிலிருந்து முளைத்தது.

அவ்வாறாயின், அந்தப் பழங்காலத்து ஆங்கிலேயர் 'உடன்' என்று சொல்ல வேண்டிய போது என்ன சொன்னார்கள்? அதற்கு அவர்களிடம் 'மிட்' என்ற தனிச்சொல் இருந்தது. ஜெர்மானியர் இன்றும் அதே சொல்லை அதே பொருளில் வழங்குகிறார்கள். தோழனோடு வந்தான் என்பதற்கும், வாளால் வெட்டினான் என்பதற்கும் பழைய ஆங்கிலத்தில் 'மிட்' பயன்பட்டது. பகைவனை எதிர்த்தான் என்பதற்கு 'வித்' பயன்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஏட்டுப் பிரதியில் நமக்குக் கிடைத்திருக்கும் 'பேயோவுல்ஃப்' என்னும் பழைய காவியத்தில், அப்பெயருடைய வீரன் கிரெண்டல் என்ற அரக்கனோடு பொரும் செய்தியைச் சொல்லும் இடத்தில் வருவது இந்த 'வித்' தான். அங்கே அதற்கு 'எதிராக' என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள இடமில்லை.

இப்படித் தெளிவாகப் பிரிந்து நின்ற இரண்டு சொற்களுள், பகைக்கு உரியது நட்பின் ஸ்தானத்தைக் கைப்பற்றிக்கொள்ள, நட்புக்கு உரியது மொழியை விட்டே மறைந்துபோனதுதான் ஆச்சரியம். அது நிகழ்ந்த விதத்தை ஆல்ஃபிரட் மன்னருடைய காலத்தில் தொகுக்கத் தொடங்கிய 'ஆங்கிலோ ஸாக்ஸன் குறிப்பேடு' என்ற ஆண்டு வரலாற்று நூலிலேயே காணலாம். அதில் 871-ஆம் ஆண்டுக்குரிய பகுதி, கடல் கடந்து வந்த டேனியப் படையோடு வெஸ்ஸெக்ஸ் நாட்டார் இடைவிடாமல் பொருத கதையைச் சொல்கிறது. போர் செய்தார்கள் என்னும் இடங்களில் 'வித்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதே ஆண்டின் முடிவில் வெஸ்ஸெக்ஸ் நாட்டார் அப்படையோடு சமாதானம் செய்துகொண்டதாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சமாதானத்துக்கும் சொல் 'வித்' தான்! எழுதியவர் இதில் முரண்பாடு எதையும் கண்டிருக்க மாட்டார். போர் செய்வதற்கு எதிரே ஒருவன் நிற்க வேண்டும். சமாதானம் பேசுவதற்கும் எதிரே ஒருவன் நிற்க வேண்டும். வாதம், வியாபாரம், ஒப்பந்தம், சம்பாஷணை ஆகிய எல்லாமே இருவர் முகத்துக்கு முகம் நோக்கி நடத்த வேண்டிய காரியங்கள். அந்த எதிர்முகத்தைக் குறிக்க ஒரு சொல் கிடைத்துவிட்டால், அது வாளை ஏந்திய கைக்கும் பயன்படும், வணக்கம் சொல்லும் கைக்கும் பயன்படும்.

இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியதில் அந்த டேனியருக்கும் பங்கு உண்டு என்று மொழிநூலார் கருதுகிறார்கள். 793-ஆம் ஆண்டு லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த கிறிஸ்தவ மடத்தைச் சூறையாடியவர்களாகச் சரித்திரத்தில் தோன்றும் வட கடல் மக்கள், பின்னர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, நிலத்தை உழுது, பெண் கொடுத்துப் பெண் கொண்டு, அண்டை வீட்டார் ஆனார்கள். அவர்களுடைய மொழியிலும் இதே சொல் இருந்தது. அது எதிர்ப்பையும் குறித்தது, உறவையும் குறித்தது. கொள்ளையடிக்க வந்தவர் குடியானவராக மாறியதைப் போலவே சொல்லும் குணம் மாறத் தொடங்கியது. 1066-இல் நார்மானியர் வெற்றிகொண்ட பிறகு பழைய மொழியின் கட்டுக்கோப்பு மேலும் தளர, 'வித்' மெல்ல மெல்ல 'மிட்'டின் வேலைகள் அனைத்தையும் தானே ஏற்றுக்கொண்டது. 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'மிட்' ஏறக்குறைய வழக்கொழிந்தது. எதிர்ப்பைக் குறிக்க 'அகெய்ன்ஸ்ட்' என்ற வேறு சொல் முன்னே வந்தது.

இதற்கு நேர் மறுதலையான ஒரு யாத்திரையை லத்தீன் மொழியில் பார்க்கிறோம். அங்கே 'கும்' என்பது 'உடன்' என்ற பொருளுடைய சொல். அதன் பழைய வடிவத்தோடு, நான் முன்னே சொன்ன ஒப்பீட்டு ஈற்றின் இனமே சேர்ந்து 'கான்ட்ரா' என்ற சொல் பிறந்தது. அதற்குப் பொருள் 'எதிராக'. ஒரே வகையான விகுதியை ஏற்று, பிரிவைக் குறித்த வேர் ஒரு மொழியில் உறவாக முடிந்தது; உறவைக் குறித்த வேர் மற்றொரு மொழியில் பகையாக முடிந்தது. அந்தக் 'கான்ட்ரா'வே, கண் எதிரே பரந்து கிடக்கும் நிலம் என்ற கருத்தில் வளர்ந்து, ஆங்கிலத்தில் நாட்டைக் குறிக்கும் 'கன்ட்ரி' ஆயிற்று என்பதையும் நினைத்துப் பார்த்தால், எதிரே இருப்பது என்னும் ஒரே எண்ணத்திலிருந்து மனித உள்ளம் எத்தனை திசைகளில் போகிறது என்பது விளங்கும்.

நம் தாய்மொழியை அறிந்தவனுக்கு இதை விளங்கவைக்க வடமொழியும் லத்தீனும் வேண்டியதே இல்லை. 'எதிர்' என்ற தமிழ்ச்சொல் ஒன்றே போதும். எதிர்த்தான் என்றால் பகைத்தான். எதிரி என்றால் சத்துரு. ஆனால் மாப்பிள்ளை ஊர் எல்லைக்கு வந்துவிட்டார் என்று கேட்டதும், மேள தாளத்தோடு பெண் வீட்டார் புறப்பட்டுப் போய்ச் செய்வது என்ன? எதிர்கொண்டு அழைக்கிறார்கள்! எதிர் வீட்டுக்காரர் நமக்கு எதிரி அல்லர். அவசரத்துக்கு உறை மோர் கொடுப்பவர். எதிர்காலம் நம்மோடு சண்டையிட வருவதன்று. நாம் எதிர்பார்த்து நிற்பது. பகையையும் வரவேற்பையும் ஒரே சொல்லில் வைத்து ஆளும் தமிழன், 'வித்' என்ற சொல்லின் கதையைக் கேட்டு வியப்படையலாமே ஒழிய, அதை நம்பத் தயங்க வேண்டியதில்லை.

பழைய பொருள் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. புது வீடு கட்டுகிறவர்கள் பழைய வீட்டின் வாயில் நிலையை எடுத்துப் பொருத்திக்கொள்வதைப் போல, சில கூட்டுச் சொற்களுக்குள் அது அப்படியே பதிந்து கிடக்கிறது. பையன் தடுமாறிய 'வித்ஸ்டாண்ட்' அவற்றுள் ஒன்று. அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். 'வித்ட்ரா' என்பதில் 'ட்ரா' இழுப்பது, 'வித்' விலகி. ஆகவே பின்வாங்குதல். வங்கியில் பணம் எடுப்பதற்கும் படை பின்வாங்குவதற்கும் அதுவே சொல். 'வித்ஹோல்ட்' என்பதில் கொடாமல் விலக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். இம்மூன்றிலும் நாம் காண்பது 'உடன்' அன்று. 'வியோகம்' என்பதில் உள்ள 'வி'யின் பிரிவுப் பொருளே. 'வித்தவுட்' என்ற சொல்லும் முதலில் 'இல்லாமல்' என்று பொருள்படவில்லை. 'வெளியே' என்றே பொருள்பட்டது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் நகர வாயிலுக்கு வெளியே, பாளையத்துக்கு வெளியே என்று சொல்ல வேண்டிய இடங்களில் அதுவே வருகிறது. வெளியே இருப்பது கைவசம் இல்லாதது. ஆகவே 'இல்லாமல்' என்ற பொருள் அதன்மேல் ஏறியது. பயணச்சீட்டு இல்லாமல் ரயிலேறியவனை 'வித்தவுட்டில் வந்தான்' என்று நம் ஊரில் சொல்லுமளவுக்கு அச்சொல் தமிழிலும் குடியேறிவிட்டது.

இவற்றையெல்லாம் விட என் நெஞ்சைத் தொடுவது, மறைந்துபோன 'மிட்' விட்டுச் சென்ற ஒரே அடையாளம். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கு ஆங்கிலத்தில் 'மிட்வைஃப்' என்று பெயர். இதில் உள்ள 'மிட்' நடுவைக் குறிப்பதாகவும் 'வைஃப்' மனைவியைக் குறிப்பதாகவும் பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. பழைய ஆங்கிலத்தில் அந்த இரண்டாம் சொல்லுக்குப் பெண் என்பதே பொருள், முதற்சொல் 'உடன்'. பிரசவ வேதனைப்படும் தாயின் உடன் இருப்பவள் என்பதே அப்பெயரின் கருத்து. ஊர் முழுவதும் உறங்கும் நடுநிசியில், கைவிளக்கின் வெளிச்சத்தில், வலியால் துடிக்கும் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் அமர்ந்திருப்பவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யார் சூட்ட முடியும்? ஆங்கிலேயரின் பேச்சிலிருந்து அச்சொல் அகன்று அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அந்தப் பிரசவ அறையை விட்டு மட்டும் அது வெளியேறவில்லை. லத்தீன் மொழியிலோ மருத்துவச்சிக்குரிய சொல், 'எதிரே நிற்பவள்' என்ற பொருளில் அமைந்தது. 'ஆப்ஸ்டெட்ரிக்ஸ்' என்று பேறுகால மருத்துவத்தை இன்று அழைப்பது அதிலிருந்து வந்ததே. தடையைக் குறிக்கும் 'ஆப்ஸ்டகிள்' என்ற சொல்லும் அதே இரண்டு உறுப்புகளால், 'எதிரே' என்பதும் 'நில்' என்பதும் சேர்ந்து, அமைந்ததுதான். எதிரே நின்று வழியை மறிப்பவரும் உண்டு. எதிரே நின்று புதிய உயிரைக் கையில் ஏந்துபவரும் உண்டு.

இனி, இன்றைய பிரயோகத்துக்கு வருவோம். 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி வாட்டர்லூ போர்க்களத்தில் வெலிங்டன் நெப்போலியனோடு போரிட்டார். ப்ளூக்கர் என்ற பிரஷ்யத் தளபதியோடு சேர்ந்து போரிட்டார். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் 'ஃபாட் வித்' என்றே எழுதலாம்; முன்னதில் பழைய பொருள், பின்னதில் புதிய பொருள். யார் பகைவர், யார் துணைவர் என்பதைச் சந்தர்ப்பத்தைக் கொண்டுதான் அறிய வேண்டும். தமிழில் 'ஓடு' என்பதற்கும் இதே இயல்பு உண்டு. அதனால்தான் மயக்கம் நேரக்கூடிய இடத்தில் 'சேர்ந்து' என்ற சொல்லை நாம் உடன் வைக்கிறோம். ஒருவரிடம் கோபம் கொள்ளுதல், வாதாடுதல், போட்டியிடுதல், முறித்துக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் 'வித்' வருவதைக் கண்டு மாணவர்கள் மலைக்க வேண்டாம்; அவையெல்லாம் அந்தப் பழைய எதிர்முகத்தின் எச்சங்கள். ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கண நூலைத் தலைமுறை தலைமுறையாக நெட்டுருச் செய்த நம் மாணவர்களுக்குப் பட்டியலை மனப்பாடம் செய்வது புதிதன்று. ஆனால் காரணம் தெரிந்து கற்றது மறப்பதில்லை.

துணையும் கருவியும் ஒரே சொல்லில் அடங்குவது 'வித்'தின் மற்றொரு விசேஷம். நண்பனோடு வந்தான் என்பதற்கும், கத்தியால் நறுக்கினான் என்பதற்கும் அது ஒன்றே. இதுவும் நமக்குப் புதியதன்று. நம் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமைக்குள் 'ஆல்', 'ஆன்' என்னும் உருபுகளும் 'ஒடு', 'ஓடு' என்னும் உருபுகளும் ஒருங்கே அமர்ந்திருக்கின்றன. கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய மூன்றும் அதன் பொருள்கள். தொல்காப்பியர் அந்த வேற்றுமைக்கே 'ஒடு' என்றுதான் பெயரிட்டார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், 'ஓடு' என்பதைத் தனி வேற்றுமையாகவே பிரித்துப் பேசினார். இருப்பினும், கையில் உள்ள கருவியும் நம்மோடு வரும் துணைதானே என்ற எண்ணம், தொடர்பே இல்லாத இரு மொழிக் குடும்பங்களில் தோன்றியிருப்பது கவனிக்கத்தக்கது. வேறுபாடும் ஒன்று உண்டு. வேடனால் அம்பால் கொல்லப்பட்டது என்று நாம் இரண்டு இடத்திலும் 'ஆல்' சேர்க்கும்போது, ஆங்கிலம் செய்தவனுக்கு 'பை' என்றும் கருவிக்கு 'வித்' என்றும் பிரித்து வைக்கிறது. நம் மாணவர்கள் இவ்விடத்தில் தவறுவதற்குக் காரணம் தாய்மொழியின் பழக்கமே.

மற்றொரு நுட்பமும் இங்கே சொல்லத்தக்கது. அரசர் மந்திரிகளோடு வருகிறார் என்னும் வாக்கியத்தில் ஆங்கில வினை ஒருமையாகவே நிற்க வேண்டும். எழுவாயாக நிற்பவரே வினைக்கு உரியவர், 'வித்' கொண்டுவந்து சேர்ப்பவர்கள் எத்தனை பேரானாலும் எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். பண்டைத் தமிழ் மரபோ வேறு. இருவர் ஒரு வினையில் கூடும்போது உயர்ந்தவர் பெயரின் பின்னே தான் 'ஒடு' வரவேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஆசிரியரோடு மாணாக்கர் வந்தனர் என்பதே மரபு. யாரை அடைந்து மற்றவர் பெருமை பெறுகிறாரோ அவர் பெயரில் உருபு நிற்கிறது. ஒரு சிற்றுருபை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சமுதாயத்தின் மரியாதை வெளிப்படுகிறது.

தமிழ் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. நீண்ட கூந்தலையுடைய பெண் என்றும், நல்ல கிணறுள்ள வீடு என்றும் நாம் இயல்பாகச் சொல்லி வந்தோம். ஆங்கில வாக்கியத்தில் 'வித்' இருப்பதைக் கண்டு, 'கூந்தலுடன் கூடிய பெண்', 'கிணற்றுடன் கூடிய வீடு' என்று எழுதுவது பெருகி வருகிறது. 'வித்' வரும் இடமெல்லாம் 'உடன்' வராது. 'உடைய', 'உள்ள', 'ஆல்', 'இடம்' என்று தமிழில் அதற்குப் பல வாயில்கள் இருக்கின்றன. அவ்வாறே, ஆங்கிலத்தில் எழுதும்போது 'அவளுடன் திருமணம்' என்னும் நம் வழக்கைப் பின்பற்றி 'மேரீட் வித்' என்று எழுதிவிடுகிறோம். அங்கே வர வேண்டியது 'டு'. ஒவ்வொரு மொழிக்கும் அதன் உறவுமுறை தனி.

அன்று மாலை இவ்வளவையும் அந்தப் பையனிடம் சொல்லவில்லை. எதிரே இருந்த வீட்டைச் சுட்டிக்காட்டி, "அது என்ன வீடு?" என்று கேட்டேன். "எதிர் வீடு" என்றான். "அவர்கள் நமக்கு எதிரிகளா?" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு விடைத்தாளை வாங்கி, சிவப்புக் கோட்டுக்குக் கீழே பென்சிலால் 'எதிர் நிற்றல்' என்று எழுதிக்கொண்டான். அகராதி சொல்லும் 'எதிர்த்து நிற்றல்' என்பதிலிருந்து அது ஈரெழுத்தளவு விலகியிருந்தது. அந்த விலகலில் ஆயிரம் ஆண்டுச் சரித்திரம் அடங்கியிருந்தபடியால் நான் அதைத் திருத்தவில்லை.